அமுக்கினால் மட்டும் போதுமா?

படம் என்றால் ஸ்டூடியோ என்றிருந்த காலத்தில், கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்தவை அமுக்கினால் படம் விழும் எளிய பெட்டிகள். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3, ஒரு ரோலில் 12 படம் எடுக்கும். 1980களில் ஹாட் ஷாட் வந்தது. 1990களில் கோடக் கேபி 10.

வெயில் செய்த வேலை

இவற்றில் ஃபோகஸைத் திருகவே வேண்டாம். லென்ஸின் துவாரம் சிறியது என்பதால், ஐந்தாறு அடிக்கு அப்பால் உள்ள எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். ஆனால் சிறு துவாரத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் அதற்குப் பஞ்சமில்லை. வெளிச்சம் கூடினால் கலர் நெகட்டிவ் தாங்கும், குறைந்தால் தாங்காது. பகலில் மெல்ல அசைந்து வரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் இந்தக் கேமராக்களுக்குச் சுலபம். இரவில் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு பிளாஷ் அடித்தால், முன்னால் நிற்பவர் முதுகுதான் வெளுக்கும். அந்த பிளாஷ் பத்துப் பதினைந்து அடியைத் தாண்டாது.

எங்கே நிற்பது?

கேமரா தீர்மானிக்காத ஒன்று, எடுப்பவர் நிற்கும் இடம். பதினொரு நிலை, 190 அடிக்கு மேல் உயரம் உள்ள அந்தக் கோபுரத்தின் அடியில் குடும்பத்தை நிறுத்தினால், ஒன்று கோபுரத்துக்குத் தலை இருக்காது, அல்லது ஆட்கள் எறும்பாவார்கள். நன்றாகப் பின்வாங்கி, ஆட்களைக் கேமராவுக்கு ஏழெட்டு அடியில் நிறுத்த வேண்டும். சிறு துவாரம் இரண்டையும் தெளிவாக வாங்கிக்கொள்ளும்.

இன்றைய செல்போன் வெளிச்சத்தையும் தானே அளக்கிறது. ஆனால் அது எதையும் நடுத்தரமாக்கப் பார்க்கும். ராஜபாளையம் நாய் பால் வெள்ளை. சட்டத்தை நிறைத்து எடுத்தால் சாம்பலாக விழலாம். திரையில் நாயைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று ஏற்றினால் வெள்ளை திரும்பும்.

ஆளில்லாத கேமரா

1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு, 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. புலிகளைக் கணக்கெடுக்கும் கேமராவில் பொத்தானை அமுக்கக்கூட ஆள் வேண்டாம். உடல் வெப்பமும் அசைவும் பட்டால் தானே எடுக்கும். புலியின் இரு விலாக்களிலும் வரிகள் வேறு வேறு என்பதால், பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கட்டுவார்கள். எந்தப் பாதையில் கட்டுவது என்பதை மட்டும், காலடித் தடமும் எச்சமும் பார்த்துப் பழகிய ஆள்தான் சொல்ல வேண்டும்.