மொழி தெரியாத பயணியும் விமான நிலையமும்

மொழி தெரியாத ஊரில் வந்திறங்கும் பயணிக்கு விமான நிலையத்தில் முதல் துணை படங்கள்தான். கழிப்பறை, டாக்சி, பெட்டி எடுக்கும் இடம் ஆகியவற்றைக் காட்டும் 34 குறிகளை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1974-ல் வடிவமைப்பாளர் அமைப்பு ஒன்றைக் கொண்டு உருவாக்கியது. 1979-ல் இன்னும் 16 சேர்ந்தன. அவற்றையோ அவற்றின் சாயலில் வரைந்தவற்றையோ இன்று பல நாடுகளில் காணலாம். தானே தேடிப் போகக்கூடிய இடங்களுக்கு இந்தப் படங்கள் போதும். இமிக்ரேஷன் மேஜைக்கு முன்னால் அவை உதவா. எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், அழைத்தவர் யார் என்று அதிகாரி கேட்பார். புரியாமல் தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம். பேசாமல் நின்றால் எதையோ மறைப்பதாகத் தோன்றலாம். பதற்றத்தில் குரல் உயர்ந்தால் அது மிரட்டலாகவே கேட்கும்.

இந்தத் தவறான புரிதல் எதுவரை போகும் என்பதை கனடாவின் வான்கூவர் விமான நிலையம் 2007-ல் காட்டியது. போலந்தைச் சேர்ந்த ராபர்ட் ஜெக்கான்ஸ்கிக்கு அப்போது வயது 40. கம்லூப்ஸ் நகரில் இருந்த தாயுடன் நிரந்தரமாக வாழ வந்தவர். அதுவே அவருடைய முதல் விமானப் பயணம், ஆங்கிலம் தெரியாது. அக்டோபர் 13 பிற்பகலில் இறங்கிய அவர், பெட்டி எடுக்கும் இடத்திலேயே காத்திருக்கும்படி தாய் சொல்லியிருந்ததால் அங்கேயே நின்றார். வெளியார் அந்தக் கூடத்துக்குள் நுழைய முடியாது என்பது தாய்க்குத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் தாய். வெளியே பல மணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்த தாயிடம், மகன் அங்கே இல்லை என்று சொல்லப்பட்டது. இரவில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஒரு மனிதர் இத்தனை நேரம் ஒரே கூடத்தில் ஏன் இருக்கிறார் என்று அவருடைய மொழியில் கேட்க ஒருவரும் முன்வரவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகே குடியேற்ற நடைமுறைகள் முடிந்தன. வந்து ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகியிருந்தது. களைப்பும் குழப்பமும் முற்றி, வருகைக் கூடத்தில் அவர் நாற்காலிகளை நகர்த்தி வாசலில் அடுக்கினார். கணினி ஒன்றைத் தூக்கி எறிந்தார். கனடாவின் கூட்டாட்சிக் காவல்துறையான ஆர்.சி.எம்.பி.யின் காவலர் நால்வர் வந்தனர். வந்து அரை நிமிடம் அளவில் டேசர் எனும் மின்னதிர்ச்சிக் கருவியை இயக்கினர். மொத்தம் ஐந்து முறை இயக்கினர். ஜெக்கான்ஸ்கி அங்கேயே இறந்தார். அவர் உடலில் மதுவோ போதைப்பொருளோ இல்லை.

சக பயணி ஒருவர் எடுத்த வீடியோ அடுத்த மாதம் வெளியானது. காவல்துறை முதலில் சொன்ன விவரங்களோடு அது பொருந்தவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையிலான விசாரணை ஆணையம், டேசரைப் பயன்படுத்தியதற்கு நியாயம் இல்லை என்று 2010-ல் முடிவு சொன்னது. காவலர்களில் இருவர் ஆணையத்தின் முன் பொய்ச் சாட்சி சொன்னதற்காகத் தண்டனை பெற்றனர். இதற்கிடையே விமான நிலையம் வருகைப் பகுதியில் இரவு பகலாக உதவியாளர்களை நிறுத்தியது. மொழிபெயர்ப்பு வசதியையும் கூட்டியது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஆஸ்திரேலியா 1973-லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது: இணைப்பின் ஒரு முனையில் அதிகாரியும் பயணியும், மறு முனையில் மொழிபெயர்ப்பாளர். வானில் பேச்சு பிசகக் கூடாது என்பதற்காக, பன்னாட்டு வழித்தடங்களில் பறக்கும் விமானிகளுக்கும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 2008 முதல் மொழித்திறன் தேர்வு கட்டாயம். தரையில் இறங்கிய பயணிக்காக அத்தகைய அக்கறை எல்லா நாடுகளிலும் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

கைபேசிச் செயலிகள் இப்போது வழி கேட்கவும் உணவு வாங்கவும் நன்றாகவே உதவுகின்றன. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கும்போது செயலியை நம்பக் கூடாது. ஒரு சொல் மாறினால் ஒருவர் திருப்பி அனுப்பப்படலாம். கூட வந்த உறவினரை மொழிபெயர்க்க வைப்பதிலும் ஆபத்து உண்டு. அவர் தமக்குச் சரியெனப் பட்டதைச் சேர்த்தோ விட்டோ சொல்லக்கூடும். வெளிநாட்டவர் தடுத்துவைக்கப்பட்டால், தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையைத் தாமதமின்றி அவரிடம் தெரிவிக்கும் கடமையை 1963-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு அதிகாரிகள் மீது சுமத்துகிறது. அவருக்குப் புரியாத மொழியில் அதைப் படித்துக் காட்டினால், தெரிவித்ததாகவே ஆகாது.