மனைப்பிரிவுக்கு முன் மரக்கணக்கு

காவிரியின் வடகரையிலுள்ள மோகனூர்ப் பகுதியின் நிலங்கள் இருவகைப்படும். ஜேடர்பாளையம் படுகை அணையினின்று வரும் வாய்க்கால்களின் பாசனத்தில் வாழை, கரும்பு, வெற்றிலை, கோரை ஆகியன விளையும் நன்செய் ஒருவகை. பனை, வேம்பு, வெள்வேல், புளி ஆகிய மரங்கள் வரப்போரங்களில் நிற்கும் மேட்டுப் புன்செய் மற்றொரு வகை. சாலையை அடுத்த புன்செய்களை வீட்டுமனைகளாகப் பிரிக்க விரும்புவோர், முதலில் நிலத்தைச் சமன்செய்து மரங்களை அகற்றிவிட்டுப் பின்னரே வரைபடம் எழுதுவிப்பது வழக்கமாயிருக்கிறது. இம்முறை நில உடைமையாளருக்கு நஷ்டத்தையே விளைவிக்கும். மரக்கணக்கு முந்தியும் வரைபடம் பிந்தியும் வருதலே முறையாகும்.

கணக்கெடுப்பதன் பயன்

மனைப்பிரிவு அனுமதி 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுவது. மனைப்பிரிவின் விஸ்தீரணம் 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கராவுக்கு, மேற்படின், சாலைகள் நீங்கலாக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கிடமாக உள்ளாட்சிக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். எவ்வாறாயினும் விடவேண்டிய இவ்விடத்தை மரங்கள் அடர்ந்த மூலையில் அமைத்தால், மனை ஒன்றும் குறையாமலே மரங்கள் பிழைக்கும். மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பது வரைபடத்தில் குறிக்கப்படாவிடில், வரைவோர் அவற்றின்மீதே சாலையை இட்டுவிடுவர்.

பெரிய கட்டடங்களுக்கும் இக்கணக்கு பயன்படும். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கும்போது, 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் வீதம் வளர்க்கவேண்டுமென நிபந்தனை விதிக்கப்படுகிறது. முன்னரே நிற்கும் மரங்களும் இத்தொகையிற் சேரும். மேலும், பொதுக் காரியங்களுக்காக நிலம் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுக்கப்படுங்கால், மரங்களின் மதிப்பும் இழப்பீட்டில் அடங்கும். வெட்டுண்ட மரத்துக்குச் சாட்சி இல்லை. முன்னரே எழுதிவைத்த கணக்கே சாட்சியாகும்.

கணக்கெடுக்கும் விதம்

மழைக்காலம் கழிந்து மரங்கள் தழைத்திருக்கும் சமயமே இதற்கு ஏற்றது. கோடையில் இலையுதிர்ந்த நல்ல மரமும் பட்டமரமெனத் தோன்றக்கூடும். சர்வே எண்வாரியாகச் சென்று, ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் இட்டு, அவ்வெண்ணை நில அளவைப் படத்திலும் குறித்தல் வேண்டும். ஜாபிதாவில் எழுதவேண்டியவை வருமாறு:

1. மரத்தின் எண், பெயர், சர்வே எண்.
2. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், அடிமரத்தின் சுற்றளவு.
3. உயரம். தென்னை, பனை முதலியன வயது ஏற ஏறப் பருப்பன அல்ல. ஆகலின் அவற்றுக்குச் சுற்றளவினும் உயரமே முக்கியம்.
4. நான்கு திசைகளிலும் கிளைகள் பரவியுள்ள தூரம்.
5. பொந்து, கறையான், பட்ட கிளை, சாய்வு முதலிய குறைகள்.

தரம் பிரித்தல்

எல்லா மரங்களையும் காத்தல் இயலாது. எதை விடலாம் என்பதைத் தீர்மானிக்கத் தரம் பிரித்தல் அவசியம். இங்கிலாந்தில் பி.எஸ். 5837 என்னும் 2012ஆம் ஆண்டுத் தர நிர்ணயம் மரங்களை நான்காகப் பிரிக்கிறது. இன்னும் 40 ஆண்டுகளேனும் நிற்கவல்ல சிறந்த மரம் முதல் தரம். 20 ஆண்டுகள் நிற்கவல்லது இரண்டாம் தரம். 10 ஆண்டுகள் நிற்கவல்லதும் இளங்கன்றும் மூன்றாம் தரம். அதற்கும் குறைந்த ஆயுளுடையது அகற்றத்தக்கது. இவ்வொழுங்கு இந்நாட்டில் சட்டமன்று. எனினும் நமது புளிக்கும் வேம்புக்கும் இலுப்பைக்கும் தடையின்றிப் பொருந்தும்.

வேர்ப்பரப்பைக் காத்தல்

மரத்தை வெட்டாது விட்டால் மட்டும் போதாது. உணவு தேடும் வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. அவற்றின்மீது மண் கொட்டி மேடாக்கினாலும், பார வண்டிகள் ஓடி மண் இறுகினாலும், அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டினாலும் மரம் உடனே படுவதில்லை. சில ஆண்டுகளில் மெல்ல வாடிச் சாகும். அப்போது அது மனை வாங்கியவரின் கூரைமேல் சாயவும் கூடும்.

மேற்கூறிய தர நிர்ணயத்தின்படி, அடிமரத்தின் குறுக்களவைப்போல் 12 மடங்கு தூரம் சுற்றிலும் காக்கப்படுதல் வேண்டும். இது சுற்றளவைப்போல் சற்றேறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே மரத்தைச் சுற்றிய கயிற்றை நான்கு முறை நீளவாக்கில் இட்டுப் பார்த்தால் எல்லை தெரிந்துவிடும். உதாரணமாக, 200 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்கு ஏறக்குறைய 25 அடி தூரம் விடுதல் வேண்டும். வேலை தொடங்குமுன் அவ்வெல்லையில் வேலியிடுதல் நலம்.

அனுமதி வேண்டும் மரங்கள்

பனையை வெட்ட நேரிடின் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறுதல் வேண்டுமென 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நிற்பினும் வனத்துறையின் அனுமதியின்றி அதைத் தொடலாகாது. வாய்க்கால் கரையிலும் சாலைப் புறம்போக்கிலும் நிற்பவை நில உடைமையாளருக்கு உரியன அல்ல. அவற்றின் பலனை அனுபவிக்கும் மரப்பட்டா கிராமத்தின் 2-சி கணக்கில் பதிவாகும். இத்தகைய மரங்களை ஜாபிதாவில் தனியே காட்டுதல் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லை மரங்களைப் பட்டாதாரர் முன்னிலையில் பார்வையிட்டு, அடங்கலோடும் 2-சி கணக்கோடும் ஒப்பிட்டுக் கொடுத்தால், பிற்காலத்து வழக்குகள் பல தவிரும். நிலம் விற்கும் குடியானவர்களும் கிரய ஒப்பந்தத்துக்கு முன்னரே ஜாபிதாவை முடித்து ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு புளியமரம் தழைத்து நிழல் தர ஒரு தலைமுறை ஆகும். அதைக் கணக்கெடுக்க ஒரு நாழிகையும் ஆகாது.