ஆவாரம்பட்டையில் ஊறிய தோல்

உரித்த ஆட்டுத்தோல் சென்னை வெயிலில் சில மணி நேரத்திலேயே நாறத் தொடங்கும். அழுகலை நிறுத்துவதே தோல் பதனிடுதலின் முதல் வேலை. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களுக்குக் கடுங்குளிரே அதில் பாதியைச் செய்துகொடுத்தது. சீல் தோலையும் காரிபூ மான் தோலையும் பெண்கள் சுரண்டி, உலர்த்தி, பல்லால் மென்று இளக்கி, விலங்கின் தசைநாரால் தைத்து உடையாக்கினார்கள். தமிழ்நாட்டில் குளிரின் இடத்தை உப்பும் ஆவாரம்பட்டையும் எடுத்துக்கொண்டன.

உப்பிட்ட தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். மயிர்க்கால்கள் தளர்ந்ததும் மயிரை வழித்து, மறுபுறம் ஒட்டியிருக்கும் சதையையும் ஜவ்வையும் வளைகத்தியால் சீவியெடுப்பார்கள். கத்தி சற்றே ஆழமாக இறங்கினால் தோல் ஓட்டையாகிவிடும். இந்தக் கைப்பதம் வர ஆண்டுகள் ஆகும். பிறகு தோலிலுள்ள சுண்ணாம்பை நீக்க வேண்டும்.

அடுத்தது பட்டைச்சாறு. அதிலுள்ள டானின், தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைந்து, நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாதபடி அவற்றை மாற்றிவிடும். தொடக்கத்திலேயே கெட்டியான சாறு பட்டால் மேற்பரப்பு இறுகி, உட்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். அதனால் நீர்த்த சாற்றில் தொடங்கி, படிப்படியாகக் கெட்டியான சாற்றுக்கு மாற்றுவார்கள். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை தேவை. ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும்; கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்தால் அது குறைந்து, இளம்பழுப்பு நிறம் நிலைக்கும். எண்ணெய் தடவி உலர்த்தினால் வேலை முடிந்தது.

இந்தத் தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் ராணுவ பூட்ஸ்களின் மேற்பகுதிக்கும் பயன்பட்டது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டையை இடித்தும் தொட்டியில் இறங்கியும் உழைத்தவர்களின் பெயர்கள் எந்த மூட்டையிலும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால் வந்தது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது, கழிவுநீரோ பெருந்துயரானது. வேலூர் பகுதித் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தரமணிக்கு அருகே, அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குரோமியத்தைக் குறைக்கும் முறைகளையும் தாவரப் பதனிடுதலையும் ஆராய்கிறது. பட்டையில் பதனிட்ட தோல் இப்போதும் பைகளுக்கும் காலணி உட்புறத்துக்கும் போகிறது. ஆவாரையின் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது வாட்டில் மரப்பட்டைச் சாறு.