அரிப்பு அடங்கும், படர்தாமரை அடங்காது

ஸ்டீராய்டு களிம்பு பற்றி வந்திருக்கும் கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் இரண்டே கட்சிதான். தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆயின்மென்டை ‘ஸ்டீராய்டாமே’ என்று பயந்து, சீலைக்கூட உடைக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி. மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் தேய்த்துவிட்டு, இப்போது தொடை இடுக்கில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கிறதே என்று கேட்பவர்கள் இன்னொரு கட்சி. தேவைப்படுகிறவர் பூசுவதில்லை, தேவையில்லாதவர் விடுவதில்லை. ஞாயிறு இணைப்பு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. எல்லாக் கடிதத்துக்கும் இடம் இல்லை. அதிகம் பேர் குழம்பியிருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகப் பார்த்துவிட்டு, மற்றவற்றைக் கடைசியில் ஓரிரு வரியில் முடித்துக்கொள்கிறேன்.

‘பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. அப்படியானால் மருந்து சரியானதுதானே?’

இல்லை. ஆனால் இப்படிக் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் தவறான இடத்தில் பூசினாலும் தான் சரியான மருந்து என்று நம்பவைக்கும் சக்தி ஸ்டீராய்டுக்கு உண்டு.

படர்தாமரையை எடுத்துக்கொள்வோம். இந்தப் பூஞ்சை வாழ்வது தோலின் மேல்மட்டத்தில், உயிரற்ற செல்கள் அடுக்கியிருக்கும் மெல்லிய படலத்தில். அங்குள்ள கெரட்டின்தான் அதன் சாப்பாடு. ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். நாம் பார்க்கும் சிவந்த, தடித்த, அரிக்கும் ஓரம் பூஞ்சையின் நிறமோ உருவமோ கிடையாது. பூஞ்சை புதிதாக நுழையும் இடத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. உள்வட்டத்தில் அந்த எதிர்ப்பு வேலையை ஓரளவு முடித்துவிட்டதால் நடுப்பகுதி தெளிந்திருக்கும். வட்டம் வருவது இப்படித்தான். பார்த்த மாத்திரத்தில் இது படர்தாமரை என்று டாக்டர் சொல்வதும் அந்த ஓரத்தை வைத்துத்தான்.

இப்போது அதன்மேல் ஸ்டீராய்டு விழுகிறது. அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் செல்கள் உற்பத்தி செய்வதை அது நிறுத்துகிறது, சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரண்டு மூன்று நாளில் சிவப்பு மங்குகிறது, தடிப்பு தட்டையாகிறது, அரிப்பு போகிறது. பூஞ்சைக்கு ஒரு கீறலும் இல்லை. அதை எதிர்த்துக்கொண்டிருந்ததைத்தான் உட்காரவைத்துவிட்டோம். ராத்திரி தூக்கம் வருகிறது. வாங்கியவருக்குச் சந்தோஷம், கடைக்காரருக்கும் சந்தோஷம், பூஞ்சைக்கு இன்னும் சந்தோஷம். அது சாவகாசமாகப் பரவுகிறது, முடிக்கால்களுக்குள்ளும் இறங்குகிறது.

களிம்பை நிறுத்தியதும் உடம்பின் எதிர்ப்பு திரும்புகிறது. முன்பைவிட இரண்டு மடங்கு இடத்தில் பூஞ்சை இருப்பதால் அரிப்பும் அந்த அளவுக்குக் கிளம்புகிறது. ‘நிறுத்தினேன், வந்துவிட்டது, அப்போ இதுதான் சரியான மருந்து’ என்று கணக்குப் போட்டு அடுத்த ட்யூப் வாங்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் களிம்பின் மேல் நம்பிக்கை கூடுகிறது, படர்தாமரையும் கூடுகிறது. சில மாதம் இப்படி ஓடிய பிறகு மருத்துவரிடம் போனால், அடையாளம் காட்டும் அந்த ஓரமே அழிந்திருக்கும். அல்லது வட்டத்துக்குள் வட்டமாகக் குழம்பிக் கிடக்கும். சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு பூசி அடையாளம் மறைந்துபோன படர்தாமரையைப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1968லேயே தனிப் பெயரிட்டு எழுதிவிட்டார்கள். புதிதாகக் கண்டுபிடிக்க இதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் எரிச்சல்.

‘நான் வாங்கியதில் பூஞ்சைக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறதே?’ என்று மூன்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். இருக்கிறது. கடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கிய ஒரு கலவையைப் பாருங்கள்: குளோபெட்டசால் 0.05 சதவீதம், ஆஃப்லாக்சசின் 0.75, ஆர்னிடசோல் 2, டெர்பினஃபைன் 1. ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான ஒன்று, ஒரு பாக்டீரியாக்கொல்லி, ஒரு பூஞ்சைக்கொல்லி, போதாததற்கு அமீபா சீதபேதிக்குக் கொடுக்கும் மாத்திரையின் சரக்கும். தொடை இடுக்கில் அமீபாவுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, தயாரிப்பாளரைத்தான் கேட்க வேண்டும். வந்திருப்பது என்ன என்று யாரும் பார்க்க வேண்டாம், எதுவாக இருந்தாலும் இதில் ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இந்தச் சேர்மானத்தின் யோசனை.

ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சைக்கொல்லி பூஞ்சையைக் கொல்லும், இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே என்பது விற்பவர்களின் வாதம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டின் வேலை இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பூஞ்சைக்கொல்லிக்குச் சில வாரங்கள் வேண்டும், தோல் பார்வைக்குச் சரியான பிறகும் கொஞ்ச நாள் தொடர வேண்டும். அரிப்பு நின்ற மூன்றாம் நாளே ட்யூபை மூடி வைப்பவர்தான் நம்மில் அதிகம். பூஞ்சை அரைகுறை மருந்தைத் தின்று பிழைத்துக்கொள்கிறது. டெர்பினஃபைனுக்கு அடங்காத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகள் என்பதால் பெயரிலேயே நம் ஊர் ஏறிவிட்டது. 2023இல் நியூயார்க்கிலும் அதைக் கண்டார்கள். இது உருவானதற்கான காரணங்களில் ஒன்றாக நம் தோல் மருத்துவர்கள் கைகாட்டுவது இந்தக் கலவைக் களிம்புகளைத்தான்.

சரி, இவ்வளவு வீரியமானது சீட்டில்லாமல் எப்படிக் கிடைத்தது? மருந்து விதிகளில் அட்டவணை எச் என்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம். ஸ்டீராய்டுகள் அதில் இருந்தன. ஆனால் அட்டவணையின் அடிக்குறிப்பு ஒன்று, வெளிப்பூச்சுக்கானவை நீங்கலாக என்று சொன்னது. அந்த ஒரு வரி வழியாகத்தான் லட்சோபலட்சம் ட்யூப்கள் கவுண்டரைத் தாண்டின. மேலே பூசுவது உள்ளே போகாது என்ற அனுமானம்தான் அந்த வரிக்கு அடிப்படை. ஆனால் முன்கையில் பூசியது உறிஞ்சப்படும் அளவை ஒன்று என்று வைத்தால் நெற்றியில் ஆறு, தாடை ஓரத்தில் 13, விதைப்பையில் 42 என்று அமெரிக்காவில் அளந்து எழுதியது 1967இல்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டு கத்தி, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கு நீக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளிலும் இந்த ரகக் களிம்புகள் சில இருந்தன. அதிகாரிகளைக் கேட்டால் இப்போது எல்லாம் ‘சீட்டுக்கு மட்டும்’ என்பார்கள். அதற்கு அரசிதழ் அர்த்தம் ஒன்று, தெருமுனை அர்த்தம் ஒன்று. ட்யூபின் இடது மேல் மூலையில் ஆர்எக்ஸ் என்ற குறி இருக்கும். அது இருக்கும்போதே உங்களிடம் சீட்டு கேட்காமல் கொடுத்தார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், சதவீதம். ‘1 சதவீதம் வேண்டாம், 0.05 போதும், குறைவாக இருப்பதே நல்லது’ என்று குழந்தைக்கு வாங்கியதாக ஒரு தாய் எழுதியிருக்கிறார். பதறிப்போய்த்தான் அந்தக் கடிதத்தைப் படித்தேன். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மிக மென்மையான வகை. குளோபெட்டசால் 0.05 சதவீதம் உச்ச வீரியம், அதைவிடச் சில நூறு மடங்கு. வெவ்வேறு ஸ்டீராய்டுகளின் சதவீதத்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிடவே கூடாது. அரை லிட்டர் மோரையும் அரை அவுன்ஸ் சாராயத்தையும் அளவு பார்த்து ஒப்பிடுகிற மாதிரிதான். வீரியம் எந்த வகுப்பு என்பதை அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் முடிவெடுத்தது. நமக்கு அப்படி ஒன்று வரும்வரை பெயரைத்தான் நம்ப வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன், டெசொனைடு என்றால் மென்மை. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் என்றால் பெரும்பாலும் நடுத்தரத்துக்கு மேல். குளோபெட்டசால், ஹாலோபெட்டசால் என்றால் உச்சம்.

இனி முதல் கட்சிக்கு. உங்களுக்கு இருப்பது உண்மையிலேயே எக்ஸிமா, அதாவது கரப்பான் வகை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தால், பீரோவிலிருந்து அந்த ட்யூபை எடுங்கள். எக்ஸிமாவில் அழற்சிதான் நோய். அதை அடக்குவதுதான் மருத்துவம். பயந்து பயந்து எண்ணெய் தொட்ட மாதிரி ஒரு பொட்டு வைத்தால் ஆறாது. ஆறாததால் சொறிவீர்கள், சொறிந்த தோல் தடித்துப் போகும், பிறகு இதைவிட வீரியமானதுதான் வேலை செய்யும். ‘மெல்லியதாகப் பூசவும்’ என்று துண்டுச்சீட்டு சொல்கிறதே என்றால், அந்த வரியால் மருந்து நிறுவனத்துக்குப் பாதுகாப்பு, உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அளவு வேண்டும். அதற்குத்தான் விரல்நுனிக் கணக்கு.

ஆட்காட்டி விரலின் கடைசி மடிப்புக் கோட்டிலிருந்து நுனி வரை களிம்பை ஒரே கோடாகப் பிதுக்குங்கள். பெரியவர் ஒருவரின் விரலில் இது ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்துவைத்த இரண்டு உள்ளங்கை பரப்புக்கு இது போதும். குழந்தைக்குப் பூசும்போதும் உங்கள் விரல், உங்கள் உள்ளங்கைதான் கணக்கு. பெரியவருக்கு ஒரு கை முழுக்க என்றால் மூன்று விரல்நுனி, ஒரு கால் முழுக்க ஆறு. இரண்டு காலிலும் எக்ஸிமா என்றால் ஒரு வேளைக்கு 6 கிராம், 15 கிராம் ட்யூப் இரண்டரை வேளைக்குத்தான் வரும். ‘ஒரு ட்யூப் ஆறு மாசம் வருது டாக்டர்’ என்று பெருமையாகச் சொல்பவருக்கு ஏன் குணமாகவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

‘நீண்ட நாள் பயன்படுத்த வேண்டாம்’ என்பதும் அதே ரக வரிதான். எத்தனை நாள் நீண்ட நாள்? குளோபெட்டசால் ரகத்துக்குத் தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராமுக்குள் என்ற எல்லை தெளிவாகவே உண்டு. மற்றவற்றுக்குத் தோலைத் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பும் தடிப்பும் அரிப்பும் போய்விட்டால் நிறுத்தலாம். கறுப்பு நிறம் மிஞ்சியிருக்கும், அது அழற்சியின் தழும்பு, மெதுவாகத்தான் போகும். அது போகும்வரை பூசுவேன் என்று நிற்பதில்தான் நம் நிறத் தோல்காரர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடிக்கடி திரும்ப வருகிறவர்களுக்கு, ஆறிய பிறகும் அதே இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு அதைச் செய்யலாம்.

முகத்தைப் பற்றிய கடிதங்களும் நிறைய. மங்குக்கு என்று தரும் க்ரீம்களில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு மொமெட்டசோனும் சேர்ந்திருக்கும். மங்குக்குச் சில வாரம் பூச வேண்டியதைச் சிவப்பழகு க்ரீமாக வருடக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் ரோமமும் முளைத்து, வெயில் பட்டாலே எரியும். ஒரு நாள் நிறுத்தினால் முகம் தீயாகச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து மறுபடி பூசுவது படர்தாமரைக் கதைதான். இப்படி மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக விடுவிக்கச் சொல்லுங்கள். நிறுத்தும்போது வரும் இந்தக் கொந்தளிப்பை 2021இல் பிரிட்டன் தனி எச்சரிக்கையாகவே வெளியிட்டது.

மீதிக் கேள்விகள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை? பெரும்பாலும் ஒரு முறை போதும், இரண்டுக்கு மேல் எதற்கும் இல்லை.

மாய்ஸ்சரைசரும் சேர்த்துப் பூசலாமா? கட்டாயம் பூச வேண்டும், இரண்டுக்கும் இடையே கொஞ்ச நேரம் விட்டு.

தேங்காய் எண்ணெய்? வறட்சிக்கு நல்லது, படர்தாமரைக்கு மருந்தல்ல.

பூசிவிட்டு பிளாஸ்டிக் சுற்றலாமா? உறிஞ்சுதல் பல மடங்காகும், டாக்டர் சொன்னால் மட்டும். குழந்தையின் டயப்பரும் அதே வேலையைத்தான் செய்யும்.

கண்ணிமையில்? நீங்களாக வேண்டாம், கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

கர்ப்பிணிகள்? மென்மையான, நடுத்தர வகைகள் தேவைக்குப் பூசலாம், உச்ச வீரியம் பரவலாக வேண்டாம்.

சோரியாசிஸ்? உச்ச வீரியத்தைப் பரவலாகப் பூசிவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் சீழ்க்கொப்புளமாக வெடிக்கலாம், மேற்பார்வை வேண்டும்.

தொடையில் விழுந்த கோடு மறையுமா? நிறம் மங்கும், கோடு போகாது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே ட்யூபா? ஒருவருக்கு எக்ஸிமா, இன்னொருவருக்குப் படர்தாமரை என்றால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள்.

பக்கவிளைவை யாரிடம் சொல்வது? மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-3024. கூப்பிடும் முன் ட்யூபைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் கேட்பார்கள்.