வேக்போர்டிங்: படகின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? பெங்களூரின் உயரமும் ஏரிகளும் மாற்றும் கணக்கு

பெங்களூரு: நீரில் பலகை மீது நின்றபடி படகால் இழுத்துச் செல்லப்படும் வேக்போர்டிங் விளையாட்டில், விளையாடுபவரின் திறமைக்கு இணையாக முக்கியத்துவம் பெறுவது படகின் வேகம். வேகம் கூடினால் ஆபத்து என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால், வேகம் குறைந்தாலும் இதில் ஆபத்து உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. கடற்கரை இல்லாத, கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரில் இந்தக் கணக்கு மேலும் சற்று மாறுபடுகிறது. சரியான வேகத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

வேக்போர்டிங் என்றால் என்ன?

படகு செல்லும்போது அதன் பின்னால் இருபுறமும் விரிந்து எழும் அலையே ஆங்கிலத்தில் 'வேக்' எனப்படுகிறது. அந்த அலையைச் சாய்தளமாகப் பயன்படுத்தித் தாவுவதே வேக்போர்டிங். கால்கள் பலகையுடன் பிணைக்கப்பட்டிருக்கும். கைகள் படகிலிருந்து நீளும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றியிருக்கும்.

இதன் தாய் விளையாட்டு நீர்ச்சறுக்கு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள பெப்பின் ஏரியில் 1922-ஆம் ஆண்டு ரால்ப் சாமுவேல்சன் என்ற இளைஞர் இரு மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டு நீரில் சறுக்கியதே அதன் தொடக்கம். 1985-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டோனி பின், அலைச்சறுக்குப் பலகையையும் நீர்ச்சறுக்கையும் இணைத்து 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையை அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய வேக்போர்டிங். 2005 முதல் உலக விளையாட்டுப் போட்டிகளில் இது இடம்பெற்று வருகிறது. 2020 ஒலிம்பிக் போட்டியில் சேர்ப்பதற்காகப் பரிசீலிக்கப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலிலும் இது இருந்தது; எனினும் 2013-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வேகம் ஏன் தேவைப்படுகிறது?

பலகை நீரின் மேல் நிற்பதற்குக் காரணம் அதன் மிதவைத் திறன் மட்டுமன்று. சாய்வாக வைக்கப்பட்ட பலகை நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விளைவாக நீர் பலகையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்த உந்துவிசை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் உந்துவிசை நான்கு மடங்காகும். பலகையின் பரப்பு பெரிதானாலும் உந்துவிசை கூடும்.

எனவே, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 26 கிலோமீட்டர் வேகம் போதுமானது எனில், அதே பலகையில் நிற்கும் 80 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகம் தேவைப்படும். அல்லது அவருக்குப் பெரிய பலகை வழங்கப்பட வேண்டும். எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே வேகம் என்ற நடைமுறை இங்கு பொருந்தாது.

வேகம் போதாதபோது பலகை நீருக்குள் அமிழ்கிறது. அப்போது நீரின் தடை முழுவதும் கைகளிலும் தோள்களிலும் இறங்குகிறது. பலகையின் விளிம்பு எளிதில் நீரில் சிக்கி, விளையாடுபவர் முகம் குப்புற விழ நேரிடுகிறது. 'மெதுவாகச் சென்றால் பாதுகாப்பு' என்று கருதி மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவாகப் படகை ஓட்டுவது புதியவருக்குக் களைப்பையும் காயத்தையுமே தரும்.

யாருக்கு எந்த வேகம்?

பயிற்சியாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் வேக அளவுகள் பின்வருமாறு:

சிறுவர்கள்: மணிக்கு 20 முதல் 24 கிலோமீட்டர்.

முதன்முறையாகக் கற்கும் பெரியவர்கள்: மணிக்கு 24 முதல் 29 கிலோமீட்டர்.

அலையைக் கடக்கவும் சிறிய தாவல்களைச் செய்யவும் பழகியவர்கள்: மணிக்கு 29 முதல் 34 கிலோமீட்டர்.

தேர்ந்த வீரர்கள்: மணிக்கு 35 முதல் 39 கிலோமீட்டர்.

ஒப்பீட்டிற்காகச் சொல்வதானால், கயிறின்றிப் படகலையில் சறுக்கும் வேக்சர்ஃபிங் விளையாட்டிற்கு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் போதுமானது. மறுபுறம், மிதவைகளைச் சுற்றி வளைந்து செல்லும் நீர்ச்சறுக்குப் போட்டியில் ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 55 கிலோமீட்டர் என்பது உச்ச வேகம். நீர்ச்சறுக்குப் படகை ஓட்டிப் பழகிய ஓட்டுநர், அதே பழக்கத்தில் வேக்போர்டிங் படகையும் இயக்கினால் விபத்து நேரிடலாம் என்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

அலையும் கயிறும்

வேகத்தைத் தீர்மானிக்கும் அடுத்த காரணி அலையின் வடிவம். படகு மெதுவாகச் செல்லும்போது அதன் முன்பகுதி உயர்ந்து, பின்பகுதி நீரை உழுதபடி செல்கிறது. அப்போது எழும் அலை செங்குத்தாக இருந்தாலும், நுரைத்து உடைந்துவிடும். அதன் மீது ஏறித் தாவ இயலாது. வேகம் கூடும்போது படகு நீரின் மேற்பரப்பிற்கு எழும்பிச் சமநிலை அடைகிறது. அலை நுரையின்றி உறுதியான சாய்தளமாக மாறுகிறது. வேகம் அதற்கும் மேலே சென்றால் அலை தாழ்ந்து தட்டையாகிவிடும். நுரை மறையும் புள்ளிக்கும் அலை தாழத் தொடங்கும் புள்ளிக்கும் இடைப்பட்டதே சரியான வேகம்.

அலையைப் பெரிதாக்க சில படகுகளில் நீர் நிரப்பிய பைகளை எடையாக வைப்பது உண்டு. எடை கூடினால் படகு ஆழமாக அமிழும். எனவே நுரையற்ற அலையைப் பெற வேகத்தையும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும்.

கயிற்றின் நீளமும் வேகத்துடன் இணைந்தே மாற வேண்டும். படகிலிருந்து விலகிச் செல்லச் செல்ல அலை அகன்று தணிகிறது. குறைந்த வேகத்தில் நீண்ட கயிற்றைப் பயன்படுத்தினால், விளையாடுபவர் நிற்கும் இடத்தில் நுரைத்த அலையே எஞ்சியிருக்கும். ஆகவே புதியவர்களுக்கு 15 மீட்டர் அளவிலான குறுகிய கயிறும், தேர்ந்தவர்களுக்கு 20 மீட்டருக்கு மேற்பட்ட கயிறும் வழங்கப்படுகின்றன. கயிறு நீளாத இழையால் ஆனதாக இருத்தல் அவசியம். நீளும் கயிறு, கைப்பிடி நழுவும்போது விசையுடன் படகை நோக்கித் திரும்பிப் பாயும்.

விழும்போது என்ன நிகழ்கிறது?

இந்த விளையாட்டில் விழாமல் கற்றவர் எவரும் இல்லை. நீர் மென்மையானது என்ற எண்ணம் வேகத்தின் முன் பொய்த்துவிடும். இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவே உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் விழுபவரைவிட 30 கிலோமீட்டரில் விழுபவர் 2.25 மடங்கு ஆற்றலுடன் நீரில் மோதுகிறார். 30-லிருந்து 38 கிலோமீட்டராக உயர்த்தினால், வேகம் 27 சதவீதமே கூடுகிறது. மோதலின் ஆற்றலோ 60 சதவீதம் கூடுகிறது.

கால்கள் பலகையுடன் பிணைந்திருப்பதால் முழங்கால் தசைநார்களும், தலை நீரில் மோதுவதால் மூளையும், கைப்பிடியின் இழுப்பால் தோள் மூட்டும் பாதிப்புக்குள்ளாகும் வாய்ப்பு உண்டு. எனவே வேகத்தை ஒரே நேரத்தில் பெருமளவு உயர்த்தாமல், மணிக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டராகப் படிப்படியாக உயர்த்துவதே முறையாகும்.

பெங்களூரின் உயரம் ஏற்படுத்தும் வேறுபாடு

சென்னை அல்லது மங்களூரு கடற்கரையுடன் ஒப்பிடுகையில், பெங்களூரின் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. காற்றழுத்தியின் துணையின்றி இயங்கும் பெட்ரோல் என்ஜின், ஏறத்தாழ அதே அளவிற்குத் தன் திறனை இழக்கிறது. வேக்போர்டிங்கிற்குத் தேவையான உச்ச வேகத்தை எட்டுவதில் இதனால் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் தொடக்கத்தில்தான் எழுகிறது.

நீரில் அமர்ந்திருப்பவரை இழுத்து நிறுத்தும் அந்தச் சில நொடிகளில்தான் என்ஜினுக்கு அதிகத் திறன் தேவை. ஆட்களும் எடையும் நிறைந்த படகு, திறன் குறைந்த நிலையில் நீண்ட நேரம் நீரை உழுதபடியே செல்லும். ஓட்டுநர் பொறுமையிழந்து விசையை முழுவதும் தள்ளுவார். இழுக்கப்படுபவர் பலகை மீது எழுந்து நின்றதும் நீரின் தடை சட்டென்று குறையும். விசையைக் குறைக்கத் தாமதித்தால் படகு நொடிகளில் தேவைக்கு அதிகமான வேகத்தை எட்டிவிடும். அப்போதுதான் எழுந்து நின்ற புதியவர் அந்த வேகத்தைத் தாங்க இயலாமல் விழுவார்.

படகில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், உயரத்திற்கு ஏற்ற உந்துவிசிறியைப் பொருத்துதல், எழுந்தவுடன் விசையைத் தளர்த்துதல் ஆகியவையே இதற்குத் தீர்வு. மின் மோட்டாரில் இயங்கும் படகுகளுக்கு இந்த இழப்பு இல்லை.

ஏரி தாங்கும் வேகம்

பெங்களூரின் புகழ்பெற்ற அல்சூர் ஏரியின் பரப்பு சுமார் 50 ஹெக்டேர். கணக்கிற்காக அதை ஒரு முழு வட்டமாகக் கொண்டால், குறுக்களவு ஏறத்தாழ 800 மீட்டர். இரு கரைகளிலும் தலா 100 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டால் எஞ்சுவது 600 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு அந்தத் தொலைவை 72 நொடிகளில் கடந்துவிடும். நடுவே தீவுகளும் வேறு படகுகளும் இருப்பின் அந்த நேரமும் சுருங்கும். கற்சுவர்க் கரைகளில் மோதித் திரும்பும் அலைகள் நீர்ப்பரப்பைக் குலைப்பதால், அடுத்த சுற்றுக்கு நீர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, நகர ஏரி அளவிலான நீர்நிலைகள் அதிவேகப் பயிற்சிக்கு உகந்தவையல்ல.

நீரின் தரமும் கவனிக்கத்தக்கது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. நகரின் மிகப்பெரிய ஏரியான பெல்லந்தூர், நுரை பொங்கியும் 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றியும் நாடு முழுவதும் செய்தியானது. கழிவுநீர் கலந்த நீரில் வேகமாக விழும்போது அது மூக்கு, காது, வாய் வழியாக உட்புகும். ஆகாயத்தாமரை படர்ந்த நீர்நிலைகளில் அதன் தண்டுகள் உந்துவிசிறியில் சிக்கி, ஓடும் படகைத் திடீரென நிறுத்திவிடும். அத்தகைய நீர்நிலையில் பாதுகாப்பான வேகம் என்று எதுவும் இல்லை.

வேகமானியை நம்பலாமா?

படகின் அடியில் சுழலும் சிறு சக்கரத்தைக் கொண்டு அளக்கும் வேகமானி, நீருடன் ஒப்பிட்ட வேகத்தைக் காட்டுகிறது. அதில் பாசி படிந்தால் உண்மையைவிடக் குறைவான வேகத்தைக் காட்டும். ஜிபிஎஸ் கருவியோ தரையுடன் ஒப்பிட்ட வேகத்தைக் காட்டுகிறது. ஏரியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆற்றில் நிலைமை வேறு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றை எதிர்த்துச் செல்கையில் ஜிபிஎஸ் 30 என்று காட்டினால், பலகை உணரும் வேகம் 35; நீரோட்டத்தின் திசையில் சென்றால் 25 மட்டுமே. ஒரே எண்ணைப் பார்த்து ஓட்டும் ஓட்டுநர், திரும்பும்போது 10 கிலோமீட்டர் வேறுபாட்டை ஏற்படுத்திவிடுவார்.

சைகைகளும் விதிகளும்

படகில் ஓட்டுநரைத் தவிர, இழுக்கப்படுபவரை மட்டுமே கவனிக்கும் ஒருவர் இருத்தல் இன்றியமையாதது. கட்டைவிரலை உயர்த்தினால் வேகத்தைக் கூட்டவும், தாழ்த்தினால் குறைக்கவும், கழுத்தின் குறுக்கே கையை வீசினால் நிறுத்தவும், தலையைத் தட்டினால் கரை திரும்பவும் வேண்டும் என்பது பொருள். விழுந்தவர் தலைக்கு மேல் கைகளைக் கோத்துக் காட்டினால் நலமாக உள்ளார் எனக் கொள்ளலாம். சைகை இல்லையெனில் உடனடியாக அவரிடம் செல்ல வேண்டும். நெருங்கியதும் என்ஜினை அணைக்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021, உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரத்தால் இயங்கும் படகுகளின் பதிவு, தகுதிச் சான்று ஆகியவற்றை நெறிப்படுத்துகிறது. கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம், விசைப்படகு ஓட்டுதல், உயிர்காப்பு ஆகியவற்றில் பயிற்சி அளிக்கிறது.

படகில் ஏறுமுன் கேட்க வேண்டியவை

ஓட்டுநர் பயிற்சி பெற்றவரா? படகு பதிவு செய்யப்பட்டதா? கவனிப்பாளர் உடன் வருகிறாரா? உடலுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் உள்ளனவா? என் எடைக்கு எந்தப் பலகை, எந்த வேகம்? இந்த ஐந்து கேள்விகளையும் விளையாட விரும்புவோர் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு எடையையும் அனுபவத்தையும் விசாரிக்காமலேயே ஓர் எண்ணைச் சொல்லும் இடத்தில், படகில் ஏறாமல் இருப்பதே நல்லது.