இழப்பு யாரைச் சேரும்? – நிதிச் சந்தைகளையும் நிதி நிறுவனங்களையும் அறிய ஒரு முன்னுரை

பொருளீட்டும் காலமும் அதைச் செலவிடும் காலமும் எல்லா மனிதருக்கும் ஒத்து அமைவதில்லை. ஊதியம் பெறும் ஒருவரிடம் இன்று பத்தாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. அது அவருக்குப் பத்தாண்டுகள் கழித்து மகளின் படிப்புக்குத்தான் தேவைப்படும். தோல் பதனிடும் ஆலையை விரிவாக்க விழையும் வணிகருக்கோ இன்றே பெருந்தொகை வேண்டும். மிச்சம் உள்ளவரையும் தேவை உள்ளவரையும் இணைக்கும் ஏற்பாடே நிதிச் சந்தை. அவ்விணைப்பை நிறைவேற்றித் தரும் அமைப்புகளே நிதி நிறுவனங்கள்.

பல்கலைக்கழகங்களில் வணிகவியல் பயிலும் நம் மாணவர்கள் இச்சந்தைகளின் பெயர்களையும் வகைகளையும் மனனம் செய்கின்றனர். அரபுக் கல்லூரிகளில் பயில்வோர் ஃபிக்ஹு நூல்களில் வணிகம், கடன், கூட்டு ஆகிய பாடங்களை ஓதுகின்றனர். இவ்விரு சாராரும் கற்பது ஒரே பொருளைத்தான் என்பது இருவருக்குமே பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்ள உதவும் கேள்வி ஒன்று உண்டு. ‘இலாபம் எவ்வளவு?’ என்பதன்று அக்கேள்வி. ‘இழப்பு நேர்ந்தால் அது யாரைச் சேரும்?’ என்பதே அது.

கடனும் கூட்டும்

பிறர் பணத்தைக் கொண்டு தொழில் செய்ய இரண்டு வழிகளே அடிப்படையானவை. ஒன்று கடன், மற்றொன்று கூட்டு. கடன் கொடுத்தவருக்குத் தொழில் வென்றாலும் தோற்றாலும் கொடுத்த தொகை திரும்ப வரவேண்டும். இழப்பு கடன் வாங்கியவரைச் சேரும். கூட்டில் பணம் இட்டவருக்கு நிச்சயமான தொகை எதுவுமில்லை. தொழில் வென்றால் அவருக்குப் பங்கு உண்டு. தோற்றால் அவர் முதலும் குறையும்.

கூட்டு வகைகளுள் முளாரபா என்னும் ஒப்பந்தம் இஸ்லாத்திற்கு முன்பே அரபு வணிகரிடையே வழக்கிலிருந்தது. ஒருவர் முதலிடுவார், மற்றவர் உழைப்பார், இலாபத்தை முன்பே பேசிய விகிதப்படி இருவரும் பிரித்துக்கொள்வர். இழப்பு நேர்ந்தால் முதல் இட்டவருக்குப் பொருள் நட்டம். உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். கவனக்குறைவோ வரம்புமீறலோ இருந்தாலன்றி உழைத்தவர் முதலுக்குப் பொறுப்பாளி ஆகார். ஒருவருக்கு மட்டும் குறிப்பிட்ட தொகை இலாபமாக உறுதியளிக்கப்பட்டால் அவ்வொப்பந்தமே செல்லாது என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் ஒத்த முடிவு.

இடைக்கால இத்தாலிய நகரங்களின் கடல் வணிகத்தில் வழங்கிய ‘கொமெண்டா’ என்னும் கூட்டு ஒப்பந்தம் இதனை மிகவும் ஒத்திருப்பதை வரலாற்றறிஞர் ஆபிரகாம் யூடோவிச் 1962-இல் எழுதிய ஆய்வில் எடுத்துக்காட்டினார். பணத்தைச் சுமந்து செல்லாமல் ஓர் ஊரில் கொடுத்து வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ள அரபு வணிகர் ‘ஸுஃப்தஜா’ என்னும் சீட்டைப் பயன்படுத்தினர். நம் நாட்டு வணிகரிடையே அதே பணியைச் செய்தது உண்டியல். இன்று இந்திய அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் பத்திரத்திற்குத் தமிழில் ‘கருவூல உண்டியல்’ என்றே பெயர்.

1602-இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கூட்டுமுறைக்கு ஒரு புதுமையைச் சேர்த்தது. அதில் முதலிட்டவர் தம் பங்கை ஆம்ஸ்டர்டாம் நகரில் வேறொருவருக்கு விற்றுவிடலாம். கம்பெனியிடமிருந்து முதலைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. கம்பெனியின் முதலும் கலையாது. இன்றைய பங்குச் சந்தையின் கரு இதுவே. இந்தியாவின் மிகப் பழைய பங்குச் சந்தை மும்பையில் 1875-இல் அமைந்தது.

சந்தைகளின் வகை

நிதிச் சந்தைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, கால அளவைக் கொண்டு பிரிப்பது. ஓராண்டுக்கு உட்பட்ட கடன்கள் கைமாறுவது பணச் சந்தை. அதற்கு மேற்பட்ட கடன் பத்திரங்களும் பங்குகளும் கைமாறுவது மூலதனச் சந்தை. இரண்டாவது, விற்பவரைக் கொண்டு பிரிப்பது. ஒரு நிறுவனம் தன் பங்கையோ பத்திரத்தையோ முதன்முதலாக விற்பது முதல்நிலைச் சந்தை; வாங்கியவர் தம்முள் விற்று வாங்குவது இரண்டாம்நிலைச் சந்தை. முதல்நிலையில் மட்டுமே தொழிலுக்குப் புதிய பணம் செல்கிறது. இரண்டாம்நிலையில் உரிமை மட்டும் கைமாறுகிறது. ஆயினும் விற்று வெளியேற வழியுண்டு என்ற நம்பிக்கை இல்லையெனில் முதல்நிலையில் வாங்க முன்வருவோர் குறைவர்.

பணச் சந்தையின் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கருவூல உண்டியல்கள் 91, 182, 364 நாள் தவணைகளில் வெளியிடப்படுகின்றன. இவற்றில் வட்டி என்று தனியே எதுவும் எழுதப்படுவதில்லை. 100 ரூபாய் தருவதாக வாக்களிக்கும் 364 நாள் உண்டியலை ஒருவர் 94 ரூபாய்க்கு வாங்குகிறார். தவணை முடிவில் 6 ரூபாய் மிகுதியாகப் பெறுகிறார். அவர் இட்ட 94 ரூபாய்க்கு இது ஏறத்தாழ 6.4 விழுக்காடு. அதே உண்டியலின் விலை 93 ஆகக் குறைந்தால் வாங்குபவரின் வருவாய் ஏறத்தாழ 7.5 விழுக்காடாக உயர்கிறது. விலை இறங்கினால் வட்டி வீதம் ஏறும். விலை ஏறினால் வட்டி வீதம் இறங்கும்.

ஃபிக்ஹு பயின்ற மாணவர் இதில் ஒன்றை உடனே கண்டுகொள்வார். இங்கே விற்கப்படுவது சரக்கன்று, வரவேண்டிய கடன். கடனை அதன் மதிப்பினும் குறைந்த விலைக்கு மூன்றாமவருக்கு விற்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. வட்டி என்ற சொல் எழுதப்படவில்லை என்பதால் அதன் பொருள் மாறிவிடாது. ஒப்பந்தத்தின் பெயரைவிட அதன் நோக்கமும் பொருளுமே கருதத்தக்கவை என்பது ஃபிக்ஹு கலையின் அறியப்பட்ட விதி.

நிறுவனங்களின் பணி

சேமிப்பாளர் சிறுதொகையைக் குறுகிய காலத்திற்குத் தர விரும்புகிறார். தொழில்முனைவோருக்குப் பெருந்தொகை நீண்டகாலத்திற்கு வேண்டும். கடன் கேட்பவரின் நாணயத்தை ஆராயும் வாய்ப்பும் சேமிப்பாளருக்கு இல்லை. இந்த இடைவெளிகளை நிரப்புவதே நிதி நிறுவனங்களின் பணி. அவை ஒவ்வொன்றும் இழப்பை வெவ்வேறு முறையில் பங்கிடுகின்றன.

வங்கியை எடுத்துக்கொள்வோம். வைப்பாளர்கள் இட்ட 90 ரூபாயும் உரிமையாளர்களின் சொந்த முதல் 10 ரூபாயும் சேர்ந்து 100 ரூபாய் வங்கியிடம் இருப்பதாகக் கொள்வோம். கொடுத்த கடன்களில் 5 ரூபாய் வாராமற்போனால் இழப்பு உரிமையாளர்களைச் சேரும். வைப்பாளர் அதை அறியவும் மாட்டார். 12 ரூபாய் வாராமற்போனால் சொந்த முதல் முழுதும் அழிந்து 2 ரூபாய் இழப்பு வைப்பாளர்மீது விழும். வங்கிகள் போதிய சொந்த முதல் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வற்புறுத்துவது இதனால்தான். வங்கி வீழ்ந்தால் வைப்பாளரைக் காக்கும் வைப்புக் காப்பீடு இந்தியாவில் 1962-இல் தொடங்கியது. அதன் வரம்பு 2020 பிப்ரவரியில் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பரஸ்பர நிதி இதனின் வேறுபட்டது. அது பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளிலோ பத்திரங்களிலோ இடுகிறது. நிர்வகிப்பவர் கட்டணம் பெறுவார். இலாபமும் இழப்பும் முதலிட்டவரையே சேரும். காப்பீட்டு நிறுவனமோ, ஒருவருக்கு நேரும் பேரிழப்பைப் பலரின் சிறுதொகைகளால் ஈடுசெய்கிறது.

இவற்றைக் கண்காணிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் உள்ளன. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-இல் பணியைத் தொடங்கி 1949-இல் நாட்டுடைமையாயிற்று. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 1988-இல் அமைக்கப்பட்டு 1992-இல் சட்ட அதிகாரம் பெற்றது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டது. இவ்வமைப்புகள் விதிகளை வகுத்து, உண்மைகளை வெளியிடச் செய்கின்றன. இழப்பே நேராது என்று அவை யாருக்கும் உறுதி கூறுவதில்லை.

இழப்பின் இடம் மறைந்தபோது

இழப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்கும்வரை சந்தை இயங்கும். அது மறைந்தபோது என்ன நிகழும் என்பதை 2008 காட்டிற்று. அமெரிக்காவில் வீட்டுக் கடன் கொடுத்தவர்கள் அக்கடன்களை விற்றுவிட்டனர். வாங்கியவர்கள் அவற்றைக் கலந்து, பகுத்து, புதிய பத்திரங்களாக மீண்டும் விற்றனர். கடன் கொடுத்தவருக்கே அது வாராமற்போவது பற்றிய கவலை இல்லாமற்போயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் லீமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. மறுநாளே, லீமனின் பத்திரங்களை வைத்திருந்த ‘ரிசர்வ் பிரைமரி ஃபண்ட்’ என்னும் பணச் சந்தை நிதியின் ஒரு டாலர் மதிப்பு 97 சென்ட்டாகச் சரிந்தது. அதை வங்கி வைப்புக்கு நிகரென்று நம்பியிருந்தவர்கள், தாம் வைப்பாளர்கள் அல்லர், முதலீட்டாளர்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தனர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. யெஸ் வங்கி நெருக்கடிக்குள்ளானபோது, 2020 மார்ச்சில், அவ்வங்கி வெளியிட்டிருந்த ஒருவகைக் கடன் பத்திரங்களின் மதிப்பு, ஏறத்தாழ 8,415 கோடி ரூபாய், முற்றிலும் அழிக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பத்திரம் வாங்கியவர்களின் பணம் போயிற்று. அம்முடிவை 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. வழக்கின் முடிவு எதுவாயினும் மாணவர் அறியவேண்டிய பாடம் ஒன்றே. ஒரே வங்கியில் இட்ட பணமாயினும், எந்த ஒப்பந்தத்தின்கீழ் இடப்பட்டது என்பதே அதன் கதியை முடிவு செய்கிறது.

‘இஸ்லாமிய’ என்னும் பெயர்

வட்டியற்ற நிதி நிறுவனங்களின் நவீன வரலாறு 1963-இல் எகிப்தின் மித்கம்ர் ஊரில் அஹ்மத் நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியிலிருந்து கூறப்படுகிறது. 1975-இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் துபாய் இஸ்லாமிய வங்கியும் செயற்படத் தொடங்கின. ஸுகூக் எனப்படும் சொத்துரிமைப் பத்திரங்கள் பின்னர் பெருகின. ஸுகூக்கை வைத்திருப்பவர் சொத்தின் பங்காளி. எனவே அதன் இழப்பிலும் அவர் பங்காளியாதல் வேண்டும். ஆனால் பெரும்பாலான ஸுகூக்குகளில், தவணை முடிவில் முழு முகமதிப்பும் திரும்பத் தரப்படும் என்ற வாக்குறுதி இருந்தது. இது கூட்டைக் கடனாக்கிவிடுகிறது என்று மௌலானா முஹம்மது தகீ உஸ்மானீ அவர்கள் 2007-இல் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் தலைமையிலான, பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட கணக்கியல் தரநிலை அமைப்பின் ஷரீஅத் குழு, 2008 பிப்ரவரியில் இதைத் திருத்தும் தீர்மானங்களை வெளியிட்டது. ‘இஸ்லாமிய’ என்ற அடைமொழியும் ஆய்வுக்கு உட்பட்டதே என்பதை அறிஞர்களே காட்டிய நிகழ்வு இது.

இந்தியாவில், ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் வட்டியற்ற வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. எனினும் அத்திட்டத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவு செய்திருப்பது 2017-இல் வெளிப்பட்டது.

இத்தகைய வாயில்கள் அடைபட்டிருக்கும் சூழலில், ‘ஹலால் முதலீடு’ என்ற பெயருடன் மாதந்தோறும் நிலையான இலாபம் தருவதாக வாக்களிக்கும் திட்டங்களை நாடி நம் மக்கள் ஏமாறுவது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணம், மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த நகை, ஹஜ்ஜுக்கெனச் சேமித்த தொகை ஆகியவை இவ்வாறு அழிகின்றன. முளாரபா பாடத்தை ஓதிய மாணவர் ஒருவர் அக்குடும்பத்தில் இருந்தால் அவர் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். இப்பணம் கடனா, கூட்டா? கூட்டெனில் இலாபம் எவ்வாறு முன்கூட்டியே உறுதியாயிற்று? இழப்பு நேர்ந்தால் அது யாரைச் சேரும் என்று எங்கே எழுதப்பட்டுள்ளது? இவற்றோடு, எந்த ஒழுங்குமுறை அமைப்பிடம் அது பதிவு பெற்றுள்ளது என்பதையும் விசாரித்தல் கடமை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. தவணைக் கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி ஏற்படுத்துவதையும் பற்றியது அது. ஒப்பந்தத்தைத் தெளிவாக எழுதுவதும், எழுதியதைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுவதும் நிதிக் கல்வியின் முதற்பாடம் மட்டுமல்ல, மார்க்கக் கல்வியின் ஒரு பாடமுமாகும்.