இரும்புக் குளிசை எல்லோருக்கும் தேவையா?

இரத்தச்சோகை என்றதும் நாம் இரும்புக் குளிசையைத் தேடுகிறோம். ஆனால் உடலிலுள்ள இரும்பின் அளவில் மரபணுவுக்கும் பங்குண்டு.

1996இல் கண்டறியப்பட்ட எச்.எப்.ஈ. மரபணுவின் ஒரு மாற்றம் வட ஐரோப்பிய வம்சத்தவரிடையே அதிகம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு ஈரலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரலாம். நம்மவரிடையே இது மிக அரிது.

நாம் கவனிக்க வேண்டியது தலசீமியா. அதன் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் அவர்களது செங்குருதிக் கலங்கள் சிறிதாக இருப்பதால், இரும்புக் குறைபாடு போலத் தோன்றும். இரும்பு குறையாதபோது குளிசையால் பயனில்லை.

எனவே குளிசை தொடங்குமுன் வைத்தியரிடம் பெரிற்றின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தம்பதியர் இருவரிடமும் பீற்றா தலசீமியா மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வர 4இல் 1 வாய்ப்புண்டு. முன்பே அறிவது நல்லது.